உடம்பில் சேரும் நச்சும் உடம்பே செய்யும் சுத்திகரிப்பும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். "உடம்பைக் கிளீன் பண்ண ஏதாவது இருக்கா தம்பி?" என்று யாராவது கேட்காத நாள் குறைவு. கவுண்டரில் ஆட்கள் காத்து நிற்கும்போது அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. அங்கே கேட்டவற்றுக்கு இங்கே ஆறுதலாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

உடம்பில் நச்சு சேருகிறது என்பது உண்மையா, விற்பனைக்காகச் சொல்வதா?

உண்மைதான். பஸ் புகையிலுள்ள நுண்துகள், பழைய பெயின்டிலுள்ள ஈயம், பூஞ்சணம் பிடித்த கச்சானில் உண்டாகும் அஃப்ளாடொக்சின், சில முகப்பூச்சுகளில் கலந்திருக்கும் இரசம் (மெர்க்குரி என்ற உலோகம்), சாராயம், சிகரெட் என்று தினமும் ஏதோ ஒன்று உள்ளே போகிறது. உடம்புக்குள்ளேயே உண்டாவதும் உண்டு. பருப்பு, மீன், இறைச்சியிலுள்ள புரதம் உடைபடும்போது அமோனியா வருகிறது. அது மூளைக்கு நஞ்சு. ஈரல் அதை உடனுக்குடன் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடுகிறது. இந்த வேலை நாம் தூங்கும்போதும் நடக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. பலவற்றை இரத்தத்திலோ சிறுநீரிலோ அளக்கலாம். "டொக்சின் எல்லாம் வெளியேறும்" என்று ஒரு போத்தலில் எழுதியிருந்தால், எந்த டொக்சின், குடிப்பதற்கு முன் எவ்வளவு இருந்தது, குடித்த பிறகு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தந்த ஒரு விற்பனைப் பிரதிநிதியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஈரல் ஒரு வடிகட்டிதானே? அதில் அழுக்கு அடைத்துக்கொள்ளாதா?

இந்த நினைப்பிலிருந்துதான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது. வடிகட்டியில் அழுக்கு தங்கும், இடையிடையே கழுவ வேண்டும். ஈரல் அப்படி வேலை செய்வதில்லை. வருகிற பொருளைப் பிடித்து வைக்காமல் வேறு பொருளாக மாற்றி அனுப்புகிறது.

பெரியவர்களின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லீற்றர் இரத்தம் அதனூடாகப் போகிறது. குடல் உறிஞ்சுபவற்றில் பெரும்பகுதி மற்ற உறுப்புகளுக்குப் போகுமுன் ஈரலுக்குத்தான் வருகிறது. கொழுப்பில் கரையும் பொருட்களைச் சிறுநீரகத்தால் நேரடியாக வெளியேற்ற முடியாது. அவற்றை ஈரல் இரண்டு கட்டமாக மாற்றுகிறது. முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதியக் கூட்டம் அந்தப் பொருளில் ஒரு பிடிமானத்தை உண்டாக்குகிறது. இரண்டாம் கட்டத்தில் அந்தப் பிடிமானத்தில் குளுட்டாதயோன் (ஈரலே உண்டாக்கும் ஒரு காப்புப் பொருள்), சல்பேற்று போன்ற ஒன்றை ஒட்டிவிடுகிறது. இப்போது அது நீரில் கரையும். பித்தத்தோடு மலத்துக்கோ இரத்தத்தோடு சிறுநீரகத்துக்கோ போய்ச் சேரும்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. முதல் கட்டம் முடிந்ததும் சில பொருட்கள் முன்பைவிட மோசமாகிவிடும். அஃப்ளாடொக்சின் அப்படித்தான். ஈரல் அதை மாற்றத் தொடங்கும்போது உண்டாகும் இடைப்பொருள்தான் டி.என்.ஏ.யில் போய் ஒட்டிப் புற்றுநோய்க்கு வழி செய்கிறது. இரண்டாம் கட்டம் அதை முந்திப் பிடித்தால் தப்பலாம். ஆகவே "ஈரலை வேகப்படுத்தும்" மருந்து என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டத்தை வேகப்படுத்தும் என்று யோசியுங்கள்.

பனடோல் ஈரலுக்குக் கூடாது என்கிறார்களே?

அளவோடு எடுத்தால் மிகப் பாதுகாப்பான மருந்து. அளவு மீறினால் ஈரலை அழிக்கக்கூடிய மருந்தும் அதுதான். பனடோலிலுள்ள மருந்தின் பெயர் பரசிற்றமோல். அதன் ஒரு சிறு பகுதியை ஈரல் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. சாதாரண அளவில் குளுட்டாதயோன் அதை உடனே அடக்கிவிடும். அளவு கூடினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், அந்த நச்சு ஈரல் கலங்களையே தாக்கத் தொடங்கும். முதல் நாள் வாந்தியோடு நின்றுவிடலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் ஏமாந்து போகிறார்கள். இதற்கு முறிவு மருந்து உண்டு. என்-அசிற்றைல்சிஸ்ரீன் என்பது அதன் பெயர். ஈரலுக்குக் குளுட்டாதயோனை மீண்டும் உண்டாக்கிக் கொடுக்கிறது. எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். உண்மையான நச்சு நீக்கம் என்றால் இதைச் சொல்லலாம்: நச்சுக்குப் பெயர் இருக்கிறது, மருந்துக்கு வேலை இருக்கிறது, நேரமும் அளவும் இருக்கிறது.

ஆரோக்கியமான பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுத்தான் உச்சம். எடை குறைந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஒரு கையில் பனடோல் அட்டை, மறு கையில் தடிமன் குளிசை அட்டை என்று வாங்கிப் போகிறவர்களை நிறுத்தி நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டாவது அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலும் பரசிற்றமோல் இருக்கும்.

கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு முதலில் ஞாபகம் வர வேண்டும். டெங்கில் ஈரல் ஏற்கெனவே வீங்கியிருக்கலாம். காய்ச்சல் இறங்கவில்லையே என்று ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே அடுத்த குளிசையைப் போடாதீர்கள். இபுபுரொஃபென், டைக்குளோபெனாக், அஸ்பிரின் மூன்றையும் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை தொடவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். இருதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் உடனே டொக்டரிடம் கேளுங்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால் நச்சு கழுவிப் போகுமா?

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லீற்றர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்து, தேவையானதைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கின்றன. வெளியே போவது ஒன்றரை லீற்றர் அளவுதான். நீங்கள் மேலதிகமாகக் குடிக்கும் இரண்டு கிளாஸ் இந்த வேலையை வேகப்படுத்தாது. ஆனால் தண்ணீர் குறைந்தால் வேலை கெடும். கொழும்பு வெக்கையில் நின்று வேலை செய்பவர்கள், முச்சக்கர வண்டி ஓட்டுபவர்கள் கழிவறை இல்லையே என்று தண்ணீரைக் குறைப்பது எனக்குத் தெரியும். சிறுநீர் இளமஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடியுங்கள். ஒரே மூச்சில் பல லீற்றர் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோகும்.

வேர்த்தால் நச்சு போகுமா?

வேர்வையில் இருப்பது தண்ணீரும் உப்பும்தான். உலோகங்கள் மிகமிகச் சிறிய அளவில் வரலாம், கணக்கில் எடுக்க ஒன்றுமில்லை. உடற்பயிற்சி ஈரலில் படியும் கொழுப்பைக் குறைக்கும். வேர்க்க நடங்கள், அந்தக் காரணத்துக்காக.

டீடொக்ஸ் தேத்தண்ணி குடித்தேன், இரண்டு கிலோ குறைந்தது. அது பொய்யா?

தராசு பொய் சொல்லவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் சென்னா என்றோ நிலாவாரை என்றோ இருக்கிறதா பாருங்கள். அது பேதி மருந்து. போனது தண்ணீரும் மலமும், கூடவே பொட்டாசியமும். இரண்டு நாளில் எடை திரும்பி வந்துவிடும். தொடர்ந்து குடித்தால் குடல் தானாக வேலை செய்யச் சோம்பும். இரத்த அழுத்தத்துக்கு நீர்க்குளிசை எடுப்பவர்கள் இதையும் குடித்தால் பொட்டாசியம் இறங்கி இருதயத் துடிப்பே குழம்பலாம்.

"அம்மம்மா காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குக் கொடுத்தார்களே" என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகளின் வயிற்றில் பூச்சி இருந்தது, அதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்று அந்த வேலையைப் பூச்சிக் குளிசை செய்கிறது.

காலைத் தண்ணீரில் வைத்தால் தண்ணீர் கறுக்கிறதே, அது நச்சுத்தானே?

இந்தக் கருவியை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பிடி உப்பு, நடுவில் இரண்டு உலோகத் தகடு பொருத்திய சிறு பெட்டி. மின்சாரம் போனதும் தகட்டிலிருந்து குமிழி எழும். கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சள், பிறகு கபிலம், ஓரத்தில் நுரையும் திப்பியும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தகடு துருப்பிடிக்கும். அந்தத் துருதான் அந்த நிறம். காலை வைக்காமல் ஓடவிட்டாலும் அதே நிறம் வரும். இரவில் உள்ளங்காலில் ஒட்டும் பட்டையும் இப்படித்தான். ஈரம் பட்டால் அதிலிருக்கும் தூள் கறுக்கும். ஒரு பட்டையில் குழாய்த் தண்ணீர் இரண்டு துளி விட்டுப் பாருங்கள், போதும். இதற்குக் காசு கொடுக்கிற வயதானவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம்மூர் மூலிகை, இலைக்கஞ்சி எல்லாம் நல்லதுதானே?

வல்லாரை, சாத்தாவாரி போட்ட இலைக்கஞ்சி நல்ல காலைச் சாப்பாடு. கொத்தமல்லித் தண்ணீரும் குடியுங்கள். சாப்பாடாக இருக்கும்வரை பயமில்லை. மருந்தாக நினைத்துச் செறிவாகக் குடிக்கும்போதுதான் சிக்கல்.

பிலிங் காயை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் கறிக்கு இரண்டு மூன்று போட்டால் ஒன்றும் ஆகாது. கொலஸ்ட்ரோல் குறையும், சீனி குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கைநிறையப் பறித்து அரைத்து வெறும் வயிற்றில் சாறாகக் குடித்தவர்களுக்குச் சில நாட்களில் சிறுநீரகம் நின்றுபோன சம்பவங்கள் இலங்கை வைத்தியசாலைகளிலேயே பதிவாகியிருக்கின்றன. அதிலுள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பளிங்காகப் படிந்துவிடுகிறது. காமரங்காவும் இதே கூட்டம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதை ஒரு துண்டுகூடச் சாப்பிட வேண்டாம்.

சீந்தில் அடுத்தது. நோய் எதிர்ப்புச் சக்தி வரும் என்று கொவிட் காலத்தில் தினமும் குடித்த சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை இந்திய ஈரல் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கையானது என்றாலும் அதையும் உங்கள் ஈரல்தான் மாற்றி வெளியேற்ற வேண்டும். மூலிகை குடிப்பதை டொக்டரிடம் மறைக்காதீர்கள். அவர் ஏசினாலும் பரவாயில்லை.

கொழும்புக் காற்று உண்மையில் எவ்வளவு மோசம்?

டில்லி அளவுக்கு இல்லை, கடற்காற்று நமக்கு உதவுகிறது. ஆனால் நவம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது இந்தியப் பக்கத்துப் புகையையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. சில காலையில் காலிமுகத்திடலில் நின்றால் துறைமுகப் பக்கக் கட்டடங்கள் மங்கலாகத் தெரிவது அதனால்தான். அதற்குமேல் நம்முடைய வாகனப் புகை. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 இல் அறிவித்தது.

பெரிய தூசை மூக்கும் தொண்டைச் சளியும் பிடித்துவிடும். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் அவற்றைத் தாண்டி நுரையீரலின் அடி வரை போகும். அதை வெளியே எடுக்கும் பானம் எதுவும் கிடையாது. ஆண்டுச் சராசரி ஒரு கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது. பரபரப்பான நகரம் எதுவும் அந்த அளவை எட்டுவது கஷ்டம். நாம் செய்யக்கூடியது: நடைப்பயிற்சியைக் காலி வீதி ஓரத்திலிருந்து உள் ஒழுங்கைக்கோ கடற்கரைப் பக்கமோ மாற்றுவது. பொரளை, மருதானைச் சந்திகளில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குத் துணி மாஸ்க் போதாது, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 வேண்டும்.

நுளம்புச் சுருள் கொளுத்தலாமா?

மூடிய அறையில் வேண்டாம். ஒரு சுருள் முழுதாக எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்காக டெங்கு நுளம்புக்கு உடம்பைக் கொடுக்க முடியாதே. டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில், ஆகவே பகலில் தூங்கும் பிள்ளைக்கு வலை கட்டுங்கள். யன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள். பூச்சாடித் தட்டிலும் குளிரூட்டியின் தண்ணீர்த் தட்டிலும் தேங்குவதை ஊற்றுங்கள். வீதியில் புகை அடிக்க வரும்போது சாப்பாட்டையும் குடிதண்ணீரையும் மூடி, புகை அடங்கிய பிறகு யன்னலைத் திறந்துவிடுங்கள்.

கடைச் சோத்துப் பார்சலில் என்ன பிரச்சினை?

சுடச்சுடச் சோறும் எண்ணெய்க் கறியும் பொலித்தீனில் படும்போது அதிலுள்ள சேர்மானங்கள் சாப்பாட்டில் இறங்கலாம். சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் 2017 செப்டம்பரிலிருந்து தடை. இருந்தும் ஏதோவொரு பொலித்தீன் வந்துகொண்டுதான் இருக்கிறது. சொந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோங்கள், வாழையிலையில் கட்டும் கடை இருந்தால் அங்கே வாங்குங்கள். வடையைப் பழைய பேப்பரில் சுற்றித் தந்தால், அச்சு மை எண்ணெயில் கரையும், வேறு கடதாசி கேளுங்கள்.

மரக்கறியில் மருந்து அடிக்கிறார்களே?

அடிக்கிறார்கள். பேலியகொடை மொத்தச் சந்தைக்கு வரும் மலைநாட்டு மரக்கறியில் மேற்பரப்பில் இருப்பது ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் கணிசமாகப் போகும். கோவாவின் வெளி இலையைக் கழற்றுங்கள். செடிக்குள் ஊறிய மருந்து கழுவினாலும் போகாது. அதற்காக மரக்கறியை நிறுத்துவது அதைவிடப் பெரிய கெடுதல். கங்குங் கீரையில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அது வளரும் தண்ணீரிலுள்ள உலோகங்களை உறிஞ்சும், வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கியதை வாங்காதீர்கள்.

எனக்கு இதைவிடப் பயம் பூஞ்சணம்தான். கச்சான், செத்தல் மிளகாய், கொப்பரை மூன்றும் நம் ஈரப்பதத்தில் சுலபமாகப் பூஞ்சணம் பிடிக்கும். 2021 இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் பெரிய பேச்சாக இருந்ததே, அதே நஞ்சுதான். வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாக அழியாது. கைத்த கச்சானைத் துப்பிவிடுங்கள், மிச்சத்தையும் வீசுங்கள்.

வெள்ளையாக்கும் கிறீம் பூசினால் என்ன?

தயவுசெய்து இதை வாசிக்கும் பெண்பிள்ளைகள் கவனியுங்கள். இரண்டே கிழமையில் முகத்தை வெளுப்பாக்கும் சில கிறீம்களில் இரசம் இருக்கிறது. அது தோலினூடாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் நுரைக்கும், காலையில் கண்ணிமை வீங்கும், பிறகு கணுக்கால். கிறீமுக்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. ஆவியாகிப் படுக்கை, துவாய் வழியாக வீட்டுக் குழந்தைக்கும் போகும். உற்பத்தியாளர் பெயர் இல்லாதது, சேர்மானப் பட்டியல் இல்லாதது, கலோமல் என்றோ மெர்க்குரி என்றோ எழுதியிருப்பது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே பூசியிருந்தால் நிறுத்திவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் தேறிவிடுகிறது.

பழைய வீட்டில் இருக்கிறோம். பெயின்டும் அஸ்பெஸ்டஸும் ஆபத்தா?

பெற்றோலில் ஈயம் 2002 இல் நின்றது. பெயின்டில் நிலைமை பிறகுதான் கட்டுப்பாட்டுக்கு வந்தது. ஆகவே கொட்டாஞ்சேனைப் பக்கப் பழைய வீடுகளின் கதவு நிலையில் உரியும் பெயின்டைப் பிள்ளை வாயில் வைக்காமல் பாருங்கள். வாய்வழி போகும் ஈயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் பல மடங்கு உறிஞ்சுவார்கள், இரும்புச்சத்து குறைந்த பிள்ளை இன்னும் கூட. எலும்பில் போய்ச் சேர்ந்தால் பல ஆண்டுகள் தங்கும். பழைய பெயின்டை உலர உரசாமல் நனைத்து உரசச் சொல்லுங்கள், அன்று பிள்ளைகளை வேறு வீட்டில் விடுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரை சும்மா இருக்கும்வரை பெரிதாக ஒன்றுமில்லை. வெட்டும்போதும் துளைக்கும்போதும் காய்ந்த தூசைக் கூட்டும்போதும்தான் நார் பறக்கும்.

ஜெனரேற்றரை பல்கனியில் வைக்கலாமா?

கூடாது. அதன் புகையில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் பிடித்துக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

குழாய்த் தண்ணீர் நல்லதா?

அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்துக் குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். தொடர்மாடிகளில் பிரச்சினை பெரும்பாலும் மொட்டைமாடித் தாங்கியில். அதை எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது.

இவ்வளவிலும் எதை முதலில் நிறுத்த வேண்டும்?

வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட், சாராயம். பிளாஸ்டிக் போத்தலுக்குப் பயந்துகொண்டு வாயில் வெற்றிலையை அதக்கி வைத்திருப்பவர்களோடு நான் தினமும் பேசுகிறேன். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை போடாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். வாயில் வெள்ளைத் திட்டோ மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

உடம்பில் நச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரே டெஸ்ட் இருக்கிறதா?

பொதுவான நச்சு டெஸ்ட் என்று ஒன்றும் இல்லை. ஈரலுக்கு ஏ.எல்.ரி, ஏ.எஸ்.ரி என்ற இரத்தப் பரிசோதனைகள்; சிறுநீரகத்துக்கு இரத்தத்தில் கிரியற்றினினும் சிறுநீரில் புரதமும் பார்ப்பார்கள். ஈயம், இரசம் சந்தேகம் இருந்தால் டொக்டர் தனியாக எழுதித் தருவார். கண் மஞ்சளாவது, சிறுநீர் தேத்தண்ணி நிறமாவது, சிறுநீர் நுரைப்பது, கால் வீங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் டீடொக்ஸ் தேடி எங்களிடம் வராமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பிள்ளை மண்ணெண்ணெயையோ கழிவறை கழுவும் திரவத்தையோ குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போனால் வயிற்றில் இருந்ததைவிட ஆபத்து, கழிவறைத் திரவத்திலுள்ள அமிலம் தொண்டையை இரண்டாம் முறையும் சுடும். பாலும் உப்புத் தண்ணீரும் கொடுத்து நேரத்தைப் போக்க வேண்டாம். வாயைத் துடைத்து, நனைந்த உடுப்பைக் கழற்றி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள் அல்லது முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கிட்டிய வைத்தியசாலைக்கு ஓடுங்கள். குடித்த போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்திடம் டொக்டர்கள் கேட்டுச் சிகிச்சை செய்வார்கள், அதற்கு அந்த லேபல் வேண்டும். அப்புறம், மண்ணெண்ணெயை மென்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைக்கு அது சோடா.